பாதிப் பணிஸ்

ஒன்பதாம் இலக்க ட்ராம் முடிகிற இடம் வாபெர்ன்.
அங்கிருந்து ஆறு நிமிட நடை, உறைந்த பாதையில்.
மூன்றாம் மாடி அறை. ஒரு கூஜா தண்ணீர், ஐந்து கிளாஸ்,
கண் துடைக்கக் காகிதப் பெட்டி.
என் தொழிலுக்கு ஒரே வேதம்:
கூட்டாதே, குறைக்காதே.
பதினொரு வருடமாக மீறியதில்லை.

எதிரே குகநேசன், நெடுங்கேணி, முப்பத்து நாலு வயது.
சைவனாய்ப் பிறந்து, சபைக்குப் போய்,
சபை எரிந்த இரவில் வேலி பாய்ந்தவன்.
இந்தப் பக்கம் திருமதி ஏஷ்லிமான்.
பேனாவை மேசை விளிம்புக்கு நேராக வைப்பாள்,
பிறகு இன்னும் நேராக.

"உங்கள் சபையின் டோக்மா என்ன?
உங்களுக்கு அது என்ன பொருள் தருகிறது?"

தமிழில் வைக்க எனக்கு மூன்று நொடி.
கோட்பாடு என்றேன். கொள் என்ற வினை அதற்குள் கிடக்கிறது,
யாரோ கையில் கொண்டது.
பிடிவாதம் என்றிருக்கலாம்,
அதிலும் ஒரு கைதான், விரல் வெளுக்க.
சித்தாந்தம் என்றால் முடிந்த முடிபு என்பார்கள் எங்கள் ஆட்கள்,
ஒருதரம் முடிந்தது போதாதென்பதுபோல.

அவன் விழித்தான்.
அவள் இறங்கி வந்தாள்:
"உதாரணமாக, கடவுள் எப்படி ஒன்றாகவும்
மூன்றாகவும் இருக்கிறார்?"

எனக்குத் தெரியும்.
இளவாலைக் கன்னியர் மடத்தில்
திருநீற்று நெற்றியோடு மனப்பாடம் செய்தது.
ஒரே கடவுள், ஆட்கள் மூவர்.
நாலு சொல். ஒரு வதிவிட அனுமதி.

அவன் சொன்னான்:
"தம்பியைத் தேடி ஆமி முகாம் வாசலில நிண்டனான்.
ரெண்டு நாள் சாப்பிடேல்ல.
பக்கத்தில ஒரு அக்கா, ஆரெண்டு தெரியாது,
தன்ர பணிசைப் பிச்சுப் பாதி தந்தா.
தந்த அவ, திண்ட நான், நடுவில அந்தப் பணிஸ்.
மூண்டும் ஒண்டெண்டு எனக்குத் தோன்றிச்சு.
அவ போற சபைக்கு நானும் போனன்."

தட்டச்சுப் பெண் நிமிர்ந்தாள்: பணிஸ்?
சின்ன ரொட்டி, என்றேன்.

"இதை உங்கள் போதகர் கற்பித்தாரா?"
"இல்லை."
"அப்படியானால்?"
"தோன்றினது, அம்மா."

இடைவேளை. கோப்பி இயந்திரம் இருமியது.
நான் கேட்காமலே திருமதி ஏஷ்லிமான் சொன்னாள்,
தேவாலய வரி கட்ட மனமில்லாமல்
இருபத்தைந்து வயதில் சபையை விட்டாளாம்.
ஒரு கடிதம், ஒரு முத்திரை, முடிந்தது.
"கேள்விப் பட்டியல் என்னுடையதல்ல," என்று
கூரையைக் காட்டினாள்.
மேலே நாலாம் மாடி மட்டும்தான் இருந்தது.

மாலையில் எழுதியதை வரிவரியாக
அவனுக்கே திருப்பி வாசிக்க வேண்டும், அது விதி.
ஜேர்மனுக்குள் நான் அனுப்பியது
உடம்பில் கீறலில்லாமல் திரும்பி வந்தது:
எனக்குத் தோன்றியது.
"ஏதாவது திருத்த வேண்டுமா?"
கேட்டுவிட்டு ஒரு மூச்சு விட்டேன், தேவைக்கு மேல் நீளமாக.
அதுவும் கூட்டல்தான்.
"ஏன் திருத்த? அப்பிடித்தானே," என்றான்.
நாக்கைக் கடித்தபடி
பக்கம் பக்கமாகக் கையெழுத்து.

இரவில் அகராதி பார்த்தேன்.
டோக்மா, கிரேக்கச் சொல்.
வேரில் ஒரு வினை: தோன்றுகிறது.
அவ்வளவு மெல்லியது.
ஒருவனுக்குத் தோன்றி, பத்துப் பேர் தலையாட்டி,
சபை கூடி, முத்திரை குத்தி,
பிறகு இந்த ஊர் ஆரே ஆற்றிலேயே
வேறுவிதமாய்த் தோன்றியவர்களை அமிழ்த்தினார்கள்,
ஞானஸ்நானம் பற்றிய வழக்கில், தண்ணீரால்.

முடிவு மொழிபெயர்ப்பாளருக்கு வராது.
அவன் எங்கே என்று கேட்பதும் விதிக்குப் புறம்பு.
சில காலைகளில் ட்ராம் தரிப்பில் நிற்கும்போது
பேக்கரிக் கதவு திறந்து வாசனை வரும்.
அந்தச் சொற்களை ஒருதரம் எண்ணிப் பார்ப்பேன்.
நாலுதான்.